துல்லிய லென்ஸ் டிராயிங்கில் டாலரன்ஸ் போடுவது எப்படி

லென்ஸ் டிராயிங்கில் டாலரன்ஸ், அதாவது ஒவ்வொரு அளவிலும் அனுமதிக்கும் பிழை, கெடுவது பெரும்பாலும் இரண்டு வழியில். ஒன்று, பயந்துபோய் எல்லா அளவையும் இறுக்கிப் பிடிப்பது. மற்றொன்று, பழைய டிராயிங்கில் இருந்த எண்களை அப்படியே தூக்கி வைப்பது. முதலாவதில் தேறும் லென்ஸ் குறைந்து செலவு ஏறும். இரண்டாவதில் ஒவ்வொரு லென்ஸும் பரிசோதனையில் பாஸாகும், கோத்துப் பார்த்தால் படம் மங்கும். எந்தப் பிழையை அமைப்பு தாங்கும், எதைத் தாங்காது என்று கணக்குப் பார்த்து, தாங்கும் இடத்தில் தாராளமாக விட்டு, தாங்காத இடத்தில் மட்டும் இறுக்குவதே இந்த வேலை. அதைச் செய்யும் வரிசை கீழே.

முதலில் எதை அளந்து ஏற்றுக்கொள்ளப் போகிறீர்கள்?

"படம் கூர்மையாக இருக்க வேண்டும்" என்பதை வைத்து டாலரன்ஸ் போட முடியாது. ஓர் எண் வேண்டும். கேமரா லென்ஸ் என்றால் குறிப்பிட்ட கோடு/மி.மீ. அளவில் எம்டிஎஃப் (நுண்கோடுகளின் கருப்பு–வெள்ளை வேறுபாட்டை லென்ஸ் எவ்வளவு காப்பாற்றுகிறது என்ற அளவு) இத்தனைக்குக் குறையக்கூடாது என்று வையுங்கள். மையத்துக்கு ஒன்று, படத்தின் ஓரத்துக்கு ஒன்று. லேசர், நுண்ணோக்கி போன்றவற்றுக்கு அலைமுகப் பிழையின் (ஒளி அலையின் முகப்பு சரியான வடிவத்திலிருந்து விலகும் அளவு) ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம், வசதியானது. 0.07 அலை (அலைநீளத்தில் 0.07 பங்கு) ஆர்எம்எஸ் என்பது பழக்கமான எல்லை. அந்த அளவில் ஸ்ட்ரெல் விகிதம் (குறையில்லாத லென்ஸோடு ஒப்பிட்ட, ஒளிப்புள்ளியின் உச்சப் பிரகாசம்) ஏறக்குறைய 0.8 இருக்கும், மாரெஷால் அளவுகோல் என்று சொல்வது இதைத்தான்.

இந்த எண் வடிவமைப்பின் எண் அல்ல, கோத்து முடித்த பொருளின் எண். மென்பொருள் திரையில் 0.068 காட்டும் வடிவமைப்பை வைத்துக்கொண்டு 0.07 கேட்டால் பட்டறைக்கு மிச்சம் எதுவும் இருக்காது. அந்த நிலையில் டாலரன்ஸைத் தொடாதீர்கள், வடிவமைப்புக்கே திரும்புங்கள்.

பங்கு பிரித்தல்

ஒன்றையொன்று சாராத பிழைகள் நேராகக் கூடுவதில்லை. வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் எடுத்தால் மொத்தம் வரும். வடிவமைப்பு 0.03 அலை, எல்லை 0.07 அலை என்று வைப்போம். மிச்சம் 0.04 இல்லை. 0.0049-இல் 0.0009 போக 0.0040; அதன் வர்க்கமூலம் 0.063. இதை லென்ஸ் தயாரிப்பு, கோத்தல், வெப்பநிலை மாற்றம் என்று மூன்றாகச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 0.0365. தயாரிப்புப் பங்கில் 20 டாலரன்ஸ் இருந்தால், சமமாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் 0.008 அலை.

ஆனால் சமமாகப் பிரிப்பது தொடக்கம்தான், முடிவு அல்ல. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு டாலரன்ஸ் மட்டும் 0.03 அலை சேர்க்கிறது. மற்ற பத்தும் தலைக்கு 0.005. மொத்தம் 0.034. பதட்டத்தில் அந்தப் பத்தையும் பாதியாக இறுக்கினால் மொத்தம் 0.031-க்குத்தான் இறங்கும். பெரியது ஒன்றை மட்டும் பாதியாக்கினால் 0.022. இன்னும் ஒரு படி போய், பெரியதைப் பாதியாக்கிவிட்டு மற்ற பத்தையும் இரண்டு மடங்கு தளர்த்தினால் 0.035. தொடங்கிய இடத்துக்கே கிட்டத்தட்ட வந்துவிட்டோம், ஆனால் டிராயிங்கில் பத்து இடம் எளிதாகிவிட்டது. டாலரன்ஸ் போடுபவர் தன் நேரத்தில் பெரும்பகுதியை அந்த ஒன்று எது என்று தேடுவதில் செலவிட வேண்டும்.

தொடக்க எண்கள்

எதிலிருந்தாவது ஆரம்பிக்க வேண்டுமே. 10 முதல் 50 மி.மீ. விட்டமுள்ள கோள லென்ஸுக்குப் பட்டறைகள் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்ளும் அளவுகள் ஏறத்தாழ இவை:

- விட்டம்: +0 / −0.1 மி.மீ. துல்லிய வேலைக்கு +0 / −0.025.
- மையத் தடிமன்: ±0.1 மி.மீ. துல்லியத்துக்கு ±0.05, ±0.02-க்குக் கீழே போனால் பட்டறை யோசிக்கும்.
- பவர், அதாவது ஆரப் பிழை: 5 ஃபிரிஞ்ச் (மாதிரிப் பரப்போடு ஒப்பிடும்போது தெரியும் ஒளி வளையம்; ஒன்று அரை அலைநீளம்). துல்லியத்துக்கு 2 அல்லது 3.
- சீரின்மை (பரப்பு கோளத்திலிருந்து விலகுவது): 1 ஃபிரிஞ்ச். துல்லியத்துக்கு 0.5, கடினமான வேலைக்கு 0.2.
- வெட்ஜ் (விளிம்பு ஒரு பக்கம் தடித்து எதிர்ப்பக்கம் மெலிவது): 3 ஆர்க் நிமிடம். துல்லியத்துக்கு 1; அரை நிமிடம் விலை உயர்ந்தது.
- கீறல்–குழி (எண்களின் பொருள் பின்னால் வரும்): 60-40. துல்லியத்துக்கு 40-20.

முதல் ஓட்டத்தில் எல்லாவற்றுக்கும் தளர்ந்த எண்ணைப் போடுங்கள். இறுக்கமான எண்ணில் தொடங்கினால் எங்கே தளர்த்தலாம் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆரம்: சதவீதமா, ஃபிரிஞ்ச்சா?

அதிகம் தடுமாறும் இடம் இது. "ஆரம் ±0.1%" என்று எல்லாப் பரப்புக்கும் ஒரே வரியில் எழுதிவிடுவது பலரின் வழக்கம். அதன் விளைவைக் கணக்கில் பார்க்கலாம். பரப்பின் குழிவு உயரம் தோராயமாக விட்ட வர்க்கம் வகுத்தல் 8 ஆரம். ஆரத்தில் சிறு மாற்றம் வந்தால் உயர மாற்றம் = விட்ட வர்க்கம் × ஆர மாற்றம் ÷ (8 × ஆர வர்க்கம்). ஒரு ஃபிரிஞ்ச் என்பது அரை அலைநீளம், 632.8 நா.மீ. ஹீலியம்–நியான் லேசரில் 0.316 மைக்ரான்.

விட்டம் 25, ஆரம் 50 மி.மீ. என்றால் 0.1% பிழை 0.05 மி.மீ. உயர மாற்றம் 1.56 மைக்ரான், அதாவது கிட்டத்தட்ட 5 ஃபிரிஞ்ச். பட்டறைக்கு இது சாதாரணம். அதே விட்டத்தில் ஆரம் 500 மி.மீ. என்றால் 0.1% என்பது 0.5 மி.மீ. கேட்க நிறைய இருப்பதுபோல் தெரியும். உயர மாற்றமோ 0.156 மைக்ரான், அரை ஃபிரிஞ்ச். டிராயிங்கில் ஒரே சதவீதம். பட்டறையில் ஒன்றைவிட மற்றொன்று பத்து மடங்கு கடினம். ஆகவே ஆழமான பரப்புக்குச் சதவீதம் பொருத்தம், ஆழமற்ற பரப்புக்கு ஃபிரிஞ்ச்தான் சரி. இரண்டையும் சேர்த்து எழுதினால் எது செல்லும் என்று டிராயிங்கிலேயே சொல்லிவிடுங்கள். சமதளப் பரப்புக்கு ஆரமே இல்லை, அங்கே ஃபிரிஞ்ச் மட்டும்தான்.

டெஸ்ட் பிளேட் (லென்ஸ் பரப்பின் மேல் வைத்து ஒப்பிடும் துல்லியமான மாதிரிக் கண்ணாடி) வைத்துப் பார்க்கும் பட்டறை என்றால் டாலரன்ஸ் கணக்குக்கு முன்னாலேயே ஒரு வேலை உண்டு. அவர்களிடம் உள்ள டெஸ்ட் பிளேட் ஆரங்களின் பட்டியலை வாங்கி, வடிவமைப்பின் ஆரங்களை அதற்குப் பொருத்துங்கள். ஆரத்துக்கு அதிகம் கூசும் பரப்பை முதலில் பொருத்தி, அதை மாறாமல் பூட்டி, மீதியை மறுபடி உகந்ததாக்கி, அடுத்த பரப்புக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பக்கத்து எண்ணுக்கு மாற்றினால் வடிவமைப்பு சரியும். பட்டியலில் எதுவுமே ஒத்துவராத பரப்பு ஒன்றிரண்டு இருந்தால் அவற்றுக்குப் புதிய பிளேட் செய்வது நியாயம்.

டெஸ்ட் பிளேட்டின் ஆரத்துக்கும் ஒரு பிழை உண்டு என்பதை மறக்கக்கூடாது. டிராயிங்கின் ஃபிரிஞ்ச் எண், லென்ஸுக்கும் பிளேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்லும். பிளேட்டே நகர்ந்திருந்தால் அந்தத் தொகுப்பு முழுவதும் ஒரே பக்கம் நகரும். மாண்டே கார்லோவில் (எல்லாப் பிழைகளையும் தற்செயலாகச் சேர்த்துப் பலமுறை ஓட்டும் கணக்கு) இதைத் தனி டாலரன்ஸாகச் சேர்க்க வேண்டும்.

சீரின்மை

பவர் பெரும்பாலும் குவியத்தை நகர்த்தும். குவியத்தைச் சரிசெய்தால் போய்விடும். சீரின்மை அப்படிப் போகாது. கோளத்திலிருந்து பரப்பு விலகும் அளவு அது. அலைமுகத்தில் அப்படியே பதிந்துவிடும். ஒளி ஊடுருவும் பரப்பில் அலைமுகப் பிழை = (ஒளிவிலகல் எண் − 1) × பரப்புப் பிழை. 1.517 எண்ணுள்ள கண்ணாடியில் கால் அலை பரப்புப் பிழை அலைமுகத்தில் 0.13 அலை. ஆடியில் இதே பிழை அரை அலையாகிவிடும். எனவே ஆடிக்குப் பழகிய கையோடு லென்ஸுக்கும் பத்தில் ஒரு அலை கேட்பது வீண்.

பரப்பு எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். துளைத்தடுப்புக்கு (ஒளிக்கற்றையின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் துளை) அருகில் உள்ள பரப்பில் ஒவ்வொரு ஒளிக்கற்றையும் முழு விட்டத்தையும் பயன்படுத்தும். சீரின்மை முழுதாகத் தாக்கும். படத்தளத்துக்கு அருகில் உள்ள பரப்பில் ஒரு புள்ளிக்கான கற்றை சிறு வட்டத்தை மட்டும் தொடும். அங்கே 2 ஃபிரிஞ்ச் சீரின்மைகூடப் பொருட்டில்லை. கீறல், குழி விஷயத்தில் இது தலைகீழ். அதைப் பின்னால் பார்ப்போம்.

டெஸ்ட் பிளேட்டில் பார்ப்பவருக்கு ஒரு நடைமுறை வரம்பு உண்டு. 10 வளையம் நெருங்கி நிற்கும்போது அதில் கால் ஃபிரிஞ்ச் நெளிவைக் கண்ணால் பிடிக்க முடியாது. சீரின்மை 0.25 வேண்டுமென்றால் பவரையும் ஒன்றிரண்டுக்குள் கேளுங்கள். நாலுக்கு ஒன்று என்ற விகிதம் பட்டறைகளில் பழக்கம். இன்டர்ஃபெரோமீட்டரில் (ஒளிக் குறுக்கீட்டால் பரப்பை அளக்கும் கருவி) பவரைக் கழித்துவிட்டுப் பார்க்கலாம் என்பதால் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஃபிரிஞ்ச்சுக்கும் அலைக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். "0.5" என்று மட்டும் எழுதினால் ஒருவர் அரை ஃபிரிஞ்ச் என்பார், இன்னொருவர் அரை அலை என்பார். அலைநீளமும் வேண்டும்: ஐ.எஸ்.ஓ. 10110 (ஒளியியல் டிராயிங்குக்கான சர்வதேசத் தரம்) வரிசையில் 546.07 நா.மீ. பச்சைக் கோடு அடிப்படை. பட்டறையின் கருவியோ பெரும்பாலும் 632.8. நானோமீட்டரில் எழுதிவிட்டால் இந்தச் சண்டை இல்லை.

இன்னொன்று: எந்த வட்டத்துக்குள்? பாலிஷில் விளிம்பு கொஞ்சம் சரிவது இயல்பு. முழு விட்டத்துக்கும் சீரின்மை கேட்டால் அந்த விளிம்பினாலேயே நல்ல லென்ஸ் கழியும். பயன்படு விட்டத்தை முழு விட்டத்தில் 90 சதவீதத்துக்குள் வைத்து, டாலரன்ஸ் அதற்குள் மட்டும் என்று குறியுங்கள். விட்டம் குறையக் குறைய, விளிம்புக்கு ஒரு பக்கம் 1 மி.மீ. விடுவது சதவீதத்தைவிடப் பாதுகாப்பு.

மெல்லிய லென்ஸ் தனிக்கதை. விட்டத்துக்கும் மையத் தடிமனுக்கும் உள்ள விகிதம் 6-க்குள் இருந்தால் நிம்மதி. 10 தாண்டினால், பிளாக்கில் ஒட்டி பாலிஷ் செய்தபோது நன்றாக இருந்த பரப்பு, கழற்றியதும் வில்போல நிமிர்ந்து நெளியும். பூச்சின் இழுவிசையும் இதே போல வளைக்கும். சீரின்மை பூச்சுக்கு முன்பா பின்பா என்று எழுதாத டிராயிங்கில் இந்தத் தகராறு கட்டாயம் வரும்.

தடிமன்

தனி லென்ஸுக்குத் தடிமன் பெரிதாகப் பாதிக்காது. தடித்த மெனிஸ்கஸிலும் (ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் குவிந்த லென்ஸ்), கதிர்கள் மிகவும் சாய்ந்து போகும் காற்று இடைவெளிகளிலும் பாதிக்கும்.

இங்கே பட்டறைப் பழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாலிஷ் முடிந்தபின் கீறல் தெரிந்தால் மறுபடி பாலிஷ் போட கொஞ்சம் கண்ணாடி கையில் வேண்டும். அதனால் லென்ஸைத் தடித்த பக்கமே விட்டு வைப்பார்கள். ±0.1 கேட்டால் வந்து சேரும் தொகுப்பின் சராசரி நடுவில் நிற்காது, கூட்டல் பக்கம் சாயும். கணக்கில் தடிமனை நடுவை மையமாக வைத்துச் சமச்சீராகச் சிதறவிட்டால் நிஜத்தோடு ஒத்துப்போகாது. ஒன்று, மாண்டே கார்லோவில் தடிமனைக் கூட்டல் பக்கம் சாய்த்து விடுங்கள். அல்லது, பெயரளவுத் தடிமனையே அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். விட்டத்திலும் இதே குணம் உண்டு: விளிம்பு சாணை பிடிப்பவர் மேல் எல்லைக்குள் வந்ததும் நிறுத்திவிடுவார்.

வெட்ஜும் மையமும்

இரண்டு கோளப் பரப்புள்ள லென்ஸுக்கு ஒளியச்சு எப்போதும் உண்டு. இரு வளைவு மையங்களையும் சேர்க்கும் கோடுதான் அது. ஆகவே வெட்ஜ் என்று நாம் சொல்வது, அந்த அச்சோடு விளிம்பு உருளை எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத்தான். லென்ஸை முதலில் பெரிய விட்டத்தில் செய்து, சென்டரிங் மெஷினில் அச்சைப் பிடித்து விளிம்பை உருட்டி எடுப்பது இதற்காகவே.

எண்ணாகப் பார்த்தால்: 25 மி.மீ. விட்டத்தில் 1 ஆர்க் நிமிட வெட்ஜ் என்பது எதிரெதிர் விளிம்புத் தடிமனில் 7.3 மைக்ரான் வித்தியாசம். 3 நிமிடம் என்றால் 22 மைக்ரான். டயல் கேஜில் லென்ஸைச் சுழற்றி இதைப் பார்த்துவிடலாம். அரை நிமிடத்துக்குக் கேஜ் போதாது. ஆட்டோகாலிமேட்டர் உள்ள மையநிலை அளவுக்கருவி வேண்டும். அந்த வெட்ஜால் கற்றை விலகும் கோணம் (ஒளிவிலகல் எண் − 1) × வெட்ஜ். 1 நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை நிமிடம்.

கோணத்தில் சொன்னாலும் நீளத்தில் சொன்னாலும் ஒன்றுதான் என்று நினைக்கக் கூடாது. 1 நிமிடப் பரப்புச் சாய்வு, ஆரம் 50 மி.மீ. பரப்பில் வளைவு மையத்தை 14.5 மைக்ரான் நகர்த்தும். ஆரம் 500-இல் 145 மைக்ரான். "மையவிலகல் 0.02 மி.மீ." என்று எல்லா லென்ஸுக்கும் எழுதினால் ஆழமற்ற பரப்புகளை யாரும் தொட மாட்டார்கள்.

சிக்கலான கேஸ், இரு பரப்பின் மையங்களும் நெருங்கி நிற்கும் மெனிஸ்கஸ். மையங்களுக்கு இடையே 2 மி.மீ.தான் தூரம், பக்கவாட்டில் 0.02 மி.மீ. பிழை என்று வையுங்கள். அச்சு 0.01 ரேடியன், அதாவது 34 நிமிடம் சாய்ந்துவிடும். ஆரம் 50 என்றால் அந்த அச்சு பரப்பைத் தொடும் புள்ளி அரை மி.மீ. தள்ளிப் போகும். இதைச் சென்டரிங்கில் திருத்த மூல விட்டத்தில் 1 மி.மீ. கூடுதலாக இருந்திருக்க வேண்டும். இரு கிண்ணங்களுக்கு நடுவே பிடித்துத் தானாக மையத்துக்கு வரவிடும் முறையும் இந்த வடிவத்தில் வேலை செய்யாது, ஏனென்றால் சறுக்கிவர வேண்டிய சரிவே இல்லை. இப்படிப்பட்ட லென்ஸ் இருந்தால் சென்டரிங்கை நம்பாமல், பாலிஷ் கட்டத்திலேயே வெட்ஜைக் கட்டுப்படுத்தச் சொல்லி எழுதுங்கள். முடிந்தால் வடிவமைப்பிலேயே அந்த வடிவத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒட்டிய இரட்டை லென்ஸில் இரண்டு பாகத்துக்கும் ஒரே விட்டம் போடாதீர்கள். ஒட்டும்போது சிறிது நகர்ந்தால் இரண்டில் எது குழாயைத் தொடும் என்று தெரியாது. ஒன்றை 0.1 அல்லது 0.2 மி.மீ. சிறிதாக்கி, பெரியதை மட்டும் அடிப்படை விளிம்பாக்குங்கள். சிறியதன் விட்ட டாலரன்ஸையும் தளர்த்திவிடலாம்.

கண்ணாடி

என்-பிகே7 போன்ற கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சாதாரண தரத்தில் ±0.0005, அபே எண் (கண்ணாடி நிறங்களை எவ்வளவு குறைவாகப் பிரிக்கிறது என்ற அளவு) ±0.8% என்று வரும். இதன் எடையை ஒரு கணக்கில் பார்க்கலாம். இருபுறமும் ஆரம் 50 உள்ள குவிலென்ஸின் குவியத்தூரம் சுமார் 48.4 மி.மீ. எண்ணில் 0.0005 மாறினால் குவியம் 0.047 மி.மீ. நகரும். எஃப்/4-இல் 0.55 மைக்ரான் ஒளிக்குக் குவிய ஆழம் ±18 மைக்ரான்தான். அப்படியானால் கண்ணாடியை இறுக்க வேண்டுமா? வேண்டாம். கோக்கும்போது குவியத்தைச் சரிசெய்யப் போகிறோம். இந்த 47 மைக்ரான் அங்கே கரைந்துவிடும். நிற ஈடுசெய்தல் கடுமையான அமைப்புகளில் மட்டும் அபே எண்ணுக்கு இறுக்கமான தரம் கேளுங்கள். அதைவிட மலிவான வழி, உருக்குத் தொகுதியின் (ஒரே தடவை உருக்கி வார்த்த கண்ணாடி) அளவிட்ட எண்களை வாங்கி, காற்று இடைவெளிகளை அதற்கேற்ப மறுகணக்குப் போடுவது.

ஒருசீர்மை தடித்த துண்டுகளில் மட்டும் கவலை. 10 மி.மீ. தடிமனில் ஒளிவிலகல் எண் 0.00001 வேறுபட்டால் 0.1 மைக்ரான் பாதை வேறுபாடு, 632.8-இல் 0.16 அலை. மெல்லிய சிறு லென்ஸுக்கு இதைக் கேட்பது காகிதத்தை நிரப்பும் வேலை.

கீறல், குழி

மில்-பிஆர்எஃப்-13830பி (அமெரிக்க ராணுவத் தரம்) முறையில் 60-40 என்று எழுதினால் பின்னெண் குழியின் விட்டம், நூறில் ஒரு மி.மீ. அலகில்: 40 என்றால் 0.4 மி.மீ. முன்னெண் கீறலின் அகலம் என்று பலர் நினைப்பது தவறு. அது மாதிரிக் கீறலோடு கண்ணால் ஒப்பிட்டுச் சொல்லும் பிரகாச எண். இரண்டு பரிசோதகர்கள் ஒரே லென்ஸுக்கு 40, 60 என்று வேறு வேறு சொல்வது இதனால்தான். ஐ.எஸ்.ஓ. முறையில் 5/3×0.16 என்றால் மூன்று குறைகள் வரை அனுமதி, ஒவ்வொன்றின் பரப்பளவின் வர்க்கமூலம் 0.16 மி.மீ.க்குள்.

எங்கே இறுக்க வேண்டும்? 0.2 மி.மீ. குழி ஒன்று, கற்றை 5 மி.மீ. அகலமுள்ள பரப்பில் இருந்தால் மறைக்கும் ஒளி 0.16 சதவீதம், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே குழி, கற்றை 0.5 மி.மீ.யாகச் சுருங்கிய இடத்தில் இருந்தால் 16 சதவீதம். படத்தில் கரும்புள்ளியாக விழும். படத்தளத்துக்குப் பக்கத்துப் பரப்புகளுக்கும் ரெட்டிக்கிளுக்கும் (குறிக்கோடுகள் பொறித்த கண்ணாடித் தட்டு) 20-10 அல்லது 10-5. துளைத்தடுப்புப் பக்கம் 60-40 போதும். சக்தி மிகுந்த லேசருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அங்கே சிறு கீறலும் பூச்சை எரிக்கும்.

கணக்கை ஓட்டுதல்

எண்கள் தயாரானதும் சரிக்கட்டும் அளவுகளை (கோக்கும்போது மாற்றித் திருத்தக்கூடியவை) முதலில் மென்பொருளுக்கு அறிவியுங்கள்: பின்குவியத் தூரம் கட்டாயம், ஒரு காற்று இடைவெளி ஷிம்மால் (மெல்லிய தகட்டால்) மாற்றக்கூடியதா, ஒரு லென்ஸைப் பக்கவாட்டில் தள்ளிக் கோமாவை (புள்ளி வால்நட்சத்திரம்போல் இழுபடும் பிழை) குறைக்க முடியுமா. நிஜத்தில் செய்ய முடியாத சரிக்கட்டலைக் கணக்கில் சேர்ப்பது மிகவும் ஆபத்து. திரையில் எல்லாம் அழகாக இருக்கும். கோக்கும் மேசையில் அந்த ஸ்க்ரூவே இருக்காது. சரிக்கட்டலுக்கு எல்லை வைக்க மறந்தாலும் இதே கதை: குவியத்தை 3 மி.மீ. நகர்த்தி மென்பொருள் காப்பாற்றியிருக்கும், திருகுப்புரியோ 0.5 மி.மீ.க்கு மேல் போகாது.

அடுத்து உணர்திறன் அட்டவணை. ஒவ்வொரு டாலரன்ஸையும் தனியாகக் கூட்டல், கழித்தல் எல்லைக்குத் தள்ளி, சரிக்கட்டிவிட்டு, இழப்பைப் பதிவு செய்யும். பெரியதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலான அமைப்புகளில் தலைப்பக்கம் இருக்கும் ஐந்தாறு வரிகளே மொத்தத்தையும் தின்றிருக்கும். அவற்றில் பலவும் சாய்வும் மையவிலகலுமாக இருக்கும். அந்த வரிகளை மட்டும் இறுக்கி, வால்பக்கத்தைத் தளர்த்தி, மறுபடி ஓட்டுங்கள். தலைப்பக்கத்தில் ஒரே லென்ஸ் திரும்பத் திரும்ப வந்தால், ஒளிக்கதிர் அதில் மிகக் கூர்மையாக வளைகிறது என்று பொருள். அங்கே டாலரன்ஸை இறுக்குவதைவிட அந்த வளைவை இரண்டு லென்ஸுக்குப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

கடைசியில் மாண்டே கார்லோ. 500 முதல் 1000 சோதனைகள் போதும். சராசரியைப் பார்க்காதீர்கள், 90 சதவீத அமைப்புகள் எந்த எண்ணைத் தாண்டுகின்றன என்று பாருங்கள். சாய்வு, வெட்ஜ் இரண்டுக்கும் திசையையும் தற்செயலாகச் சுழற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அச்சில் வைத்தால் நிஜத்தில் நடக்காத கூட்டல்களும் கழித்தல்களும் வரும்.

குழாயையும் சேர்த்துப் பாருங்கள்

லென்ஸுக்கு அரை நிமிட வெட்ஜ் கேட்டுவிட்டு, குழாயில் 0.05 மி.மீ. இடைவெளி விட்டால் கொடுத்த காசு வீண். லென்ஸ் இருக்கை எந்தப் பரப்பைத் தொடுகிறதோ அந்தப் பரப்பின் நிலையை இருக்கையின் சாய்வும் இடைவெளியும் தீர்மானிக்கும். லென்ஸின் வெட்ஜ் அடுத்த பரப்பின் சாய்வாக மாறும். மூன்றையும் சேர்த்தே எண் போட வேண்டும்.

இடைவெளியை ஒரேயடியாகக் குறைக்கவும் முடியாது. அலுமினியத்தின் விரிவு டிகிரிக்கு 23.6 பிபிஎம் (பத்து லட்சத்தில் 23.6 பங்கு), என்-பிகே7 7.1 பிபிஎம். 50 மி.மீ. லென்ஸ் 20 டிகிரியிலிருந்து −20-க்கு இறங்கினால் குழாய் 0.033 மி.மீ. நெருங்கும். விட்ட இடைவெளி 0.02 மட்டும் இருந்தால் லென்ஸ் நெரிபடும். இரட்டைவிலகல் (அழுத்தத்தால் கண்ணாடி ஒளியை இரண்டாகப் பிரிப்பது) வரும், மோசமானால் விளிம்பு தெறிக்கும். குளிரில் மட்டும் படம் கெடுகிறது என்ற புகார் வந்தால் இதை முதலில் சந்தேகியுங்கள்.

டிராயிங்கில் எழுதுவது

ஐ.எஸ்.ஓ. 10110 குறியீடுகளில் 3/ பரப்பு வடிவம், 4/ மையநிலை, 5/ பரப்புக் குறை. 3/2(0.5) என்றால் பவர் 2, சீரின்மை 0.5, அலகை அருகில் எழுதுங்கள். 4/-க்கு எந்த அச்சை ஒப்பிடுகிறோம் என்ற அடிப்படையைக் காட்டாமல் விட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. விளிம்பு மழுக்கலை 0.2 முதல் 0.5 மி.மீ. வரை, 45 டிகிரி என்று குறியுங்கள். கூர்விளிம்போடு விட்டால் கையில் எடுக்கும்போதே உதிரும். அளக்கும் கருவியின் ஐயப்பாடு டாலரன்ஸில் கால் பங்குக்கு மேல் இருந்தால் அந்த டாலரன்ஸ் வெறும் ஆசைதான். அனுப்புமுன் பட்டறையிடம் எதை வைத்து அளக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

முதல் தொகுப்பு வந்ததும் பாஸ், ஃபெயில் தாளோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு லென்ஸின் அளவிட்ட ஆரம், தடிமன், உருக்குத் தொகுதியின் ஒளிவிலகல் எண் மூன்றையும் கேட்டு வாங்கி வடிவமைப்புக் கோப்பில் ஏற்றுங்கள். காற்று இடைவெளிகளை மறுபடி உகந்ததாக்கினால் எந்த இடத்தில் எத்தனை மைக்ரான் ஷிம் என்று வரும். 0.02, 0.05, 0.1 மி.மீ. ஷிம்கள் கையில் இருந்தால் அந்தத் தொகுப்பு முழுவதையும் அதை வைத்தே கோக்கலாம். அடுத்த தொகுப்புக்கு எந்த டாலரன்ஸைத் தளர்த்தலாம் என்பதும் அதே கோப்பில் தெரிந்துவிடும்.